நிலைத்தன்மைப் பணியில் சட்ட வடிவமைப்பு: பாதிக்கப்படுவோர் கையாளக்கூடிய ஆவணங்களை உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மே 24 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் இருந்த தொன்மையான பாறைக் குகைகளை ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத்தாதுச் சுரங்கத்தை விரிவாக்குவதற்காக வெடிவைத்துத் தகர்த்தது. ஏறத்தாழ 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் அங்கு புழங்கியதற்குச் சான்றுகள் கிடைத்திருந்த இடம் அது. நிறுவனத்திடம் 2013இலேயே பெறப்பட்ட அரசு அனுமதி இருந்தது. அந்நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களான புட்டு குன்டி குர்ரமா, பினிகுரா மக்களுடன் கையெழுத்தான ஒப்பந்தமும் இருந்தது. பின்னர் நடந்த நாடாளுமன்ற விசாரணையில்தான், சுரங்கக் குழியை அமைக்க நான்கு வழிகள் ஆராயப்பட்டிருந்தன என்பதும், குகைகளைத் தொடாத வழிகள் மூன்று அவற்றில் இருந்தன என்பதும், அந்த மூன்றும் அம்மக்களுக்குக் காட்டப்படவே இல்லை என்பதும் வெளிவந்தன. அவர்கள் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவிப்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளும் ஒப்பந்தத்தில் இருந்தன.

அங்கே ஆவணங்களுக்குக் குறைவில்லை. இழக்கப்போகிறவர்கள் உரிய நேரத்தில் உரிய செய்தியை அறிந்து, ஒரு முடிவை மாற்றுவதற்கான கைப்பிடிதான் அந்த ஆவணங்களில் எங்கும் இல்லை. சட்ட வடிவமைப்பு என்ற துறையை நிறுவனங்களின் நிலைத்தன்மைப் பணிக்குள் (மக்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் நிறுவனம் ஏற்படுத்தும் பாதிப்பைக் கையாளும் பணிக்குள்) கொண்டுவர வேண்டும் என்று நான் வலியுறுத்துவதன் காரணம் இதுதான். சட்ட ஆவணத்தை அழகாக்குவது அதன் நோக்கமன்று. ஓர் ஆவணத்தை வைத்துக்கொண்டு அதனால் கட்டுப்படுகிறவரும் பாதிக்கப்படுகிறவரும் என்ன செய்ய முடியும் என்று கேட்டு, அந்தச் செயலிலிருந்து பின்னோக்கி நடந்து ஆவணத்தையும் நடைமுறையையும் உருவாக்குவதே சட்ட வடிவமைப்பு. பின்லாந்தின் ஹெலெனா ஹாப்பியோ போன்றோர் ஒப்பந்தங்களில் இந்தச் சிந்தனையை நெடுங்காலமாக வளர்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஹேகன் நடத்தும் ஆய்வகம் நீதிமன்றச் சேவைகள் வரை அதை விரிவாக்கியது.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ஸ்டேக்ஹோல்டர்' எனப்படுவோரைக் குறிக்க வழங்கும் 'பங்குதாரர்' என்ற சொல் தமிழில் முதலில் பங்கு வைத்திருப்பவரையே நினைவூட்டுகிறது. இங்கே பேசப்படுவோர் தொழிலாளர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள், ஆலைக்கு அருகில் வாழ்வோர், நுகர்வோர், வழங்குநர்கள், முதலீட்டாளர்கள் என ஒரு நிறுவனத்தின் முடிவுகளால் தொடப்படும் அனைவரும் ஆவர். ஆகவே 'தொடர்புடைய தரப்பினர்' என்றே எழுதுகிறேன். சொல் குழம்பினால் அழைப்புப் பட்டியலும் குழம்பிவிடும்.

முதற்படி: எந்த முடிவு இன்னும் திறந்திருக்கிறது என்று எழுதுங்கள்

பெரும்பாலான கலந்தாய்வுகள் இங்கேயே தோற்றுவிடுகின்றன. கூட்டம் கூட்டப்படுகிறது, கருத்துகள் பதிவாகின்றன, ஆனால் எதை மாற்ற முடியும் என்று ஒருவரும் சொல்வதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வரைந்த குடிமக்கள் பங்கேற்பு ஏணியில் எட்டுப் படிகள் உண்டு. தகவல் தருவதும் கருத்துக் கேட்பதும் அதன் நடுப்படிகளில்தான் நிற்கின்றன, உண்மையான அதிகாரப் பகிர்வு அவற்றுக்கும் மேலே இருக்கிறது. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்வது முதல் நேர்மை.

எனவே ஒரே பக்கத்தில் மூன்று பகுதிகளை எழுதுங்கள்: முடிவாகிவிட்டவை, முடிவாகாதவை, நிறுவனத்தின் கையில் இல்லாதவை. எடுத்துக்காட்டாக, ஓர் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைவது முடிவாகியிருக்கலாம். அது எந்த இடத்தில் அமையும், கட்டுமான வண்டிகள் எந்த நேரத்தில் எந்தச் சாலையில் செல்லும், நீரின் தரத்தை யார் அளப்பார்கள், அந்த அளவீடுகள் எங்கே வெளியிடப்படும் என்பவை முடிவாகாமல் இருக்கலாம். முடிவாகாதவை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், முடிவெடுப்பவரின் பதவியையும் முடிவெடுக்கும் நாளையும், ஆராயப்படும் எல்லா மாற்று வழிகளையும் எழுதுங்கள். ஜூக்கனில் விடுபட்டது இந்தக் கடைசிக் கட்டம்தான். நிறுவனத்துக்குச் செலவு கூடும் மாற்று வழியும் அதில் இடம்பெற வேண்டும். அதன் செலவையும் சேர்த்தே எழுதலாம்.

'முடிவாகாதவை' பகுதி வெறுமையாக இருந்தால் கலந்தாய்வுக் கூட்டம் என்ற பெயரில் எதையும் கூட்டாதீர்கள். அறிவிப்புக் கூட்டம் என்றே அழையுங்கள். மக்கள் அதை மதிப்பார்கள். பொய்யான அழைப்பைத்தான் மன்னிக்கமாட்டார்கள்.

இரண்டாம் படி: பாதிக்கப்படுவோரையும் அறிக்கை படிப்போரையும் பிரித்துப் பாருங்கள்

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஏற்றுக்கொண்ட நிலைத்தன்மை அறிக்கைத் தரநிலைகள் தொடர்புடைய தரப்பினரை இரு வகையாகப் பார்க்கின்றன: நிறுவனத்தின் செயலால் பாதிக்கப்படுவோர் ஒருபுறம், அறிக்கையைப் பயன்படுத்தும் முதலீட்டாளர், கடன் வழங்குநர் முதலானோர் மறுபுறம். ஒருவரே இரண்டிலும் இருக்கலாம் என்றாலும், இந்தப் பிரிப்பு எங்கும் பயன்படும். ஏனெனில் இரு வகையினருக்கும் ஒரே ஆவணம் உதவாது. முதலீட்டாளருக்கு ஆண்டுகளுக்கிடையே ஒப்பிடக்கூடிய எண்கள் வேண்டும். ஆலைச் சுவருக்கு அடுத்த வீட்டில் இருப்பவருக்கு, இன்றிரவு புகை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும். இருநூறு பக்க ஆண்டறிக்கையை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளிப்படைத்தன்மை என்று சொல்வது அநீதி.

தரப்பினரை வரிசைப்படுத்த மேலாண்மை ஆய்வாளர்கள் மிட்செல், ஆகிள், வுட் ஆகியோர் 1997இல் முன்வைத்த மூன்று அளவுகோல்கள் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன: அதிகாரம், நியாயமான உரிமை, அவசரம். நிலைத்தன்மைப் பணியில் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. அதிகாரம் உள்ளவர்கள் பட்டியலின் மேலே ஏறிவிடுவார்கள். மிக அதிகமாக இழப்பவர்கள், அதிகாரம் இல்லை என்ற காரணத்தாலேயே கீழே போய்விடுவார்கள். அதனால் நான் வேறொரு கேள்வியை முதலில் வைப்பேன்: இந்த முடிவு தவறாகப் போனால் யாருடைய இழப்பை ஈடுசெய்யவே முடியாது? உயிர், உடல்நலம், நீர், வாழிடம், வழிபாட்டிடம் ஆகியவற்றை இழக்கக்கூடியவர்கள் பட்டியலின் உச்சியில் வரட்டும். செல்வாக்கைப் பார்ப்பது அதற்குப் பிறகு. 2011இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் ஏற்றுக்கொண்ட வணிகம் மற்றும் மனித உரிமைகளுக்கான வழிகாட்டிக் கொள்கைகளும், பாதிப்பின் கடுமையையும் அதை மீளச் சரிசெய்ய இயலாமையையும் முன்னுரிமைக்கான அடிப்படையாக வைக்கின்றன.

மூன்றாம் படி: ஒரு மனிதரின் பாதையை வரைந்து பாருங்கள்

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தனர். முந்தைய நாளே சுவர்களில் விரிசல்கள் தெரிந்தன. தொழிலாளர்கள் பார்த்தார்கள், அஞ்சினார்கள். இருந்தும் மறுநாள் உள்ளே செல்ல வைக்கப்பட்டார்கள். அங்கிருந்து ஆடைகள் வாங்கிய நிறுவனங்கள் சிலவற்றிடம் நடத்தை விதிகள் இருந்தன, தணிக்கைகளும் நடந்திருந்தன. ஆயினும் விரிசலைக் கண்ட ஒரு தையல் தொழிலாளி 'நான் உள்ளே வரமாட்டேன்' என்று சொல்லி, கூலியும் வேலையும் இழக்காமல் வீடு திரும்புவதற்கான வழி எந்த ஆவணத்திலிருந்தும் அவரை எட்டவில்லை.

அதன்பின் வந்த தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையைச் சட்ட வடிவமைப்பின் கண்ணால் படித்துப் பாருங்கள். வணிக நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படும் வகையில் அதில் கையெழுத்திட்டன; ஆய்வு அறிக்கைகள் பொதுவில் வெளியிடப்பட்டன; பாதுகாப்பற்ற வேலையை மறுக்கும் உரிமை எழுதப்பட்டது; பிணக்கு முற்றினால் நடுவர் தீர்ப்புக்குச் செல்லும் வழி வைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் பாதிக்கப்படுகிறவர் கையில் பிடித்துக்கொள்ளக்கூடிய ஏதோ ஒன்று.

உங்கள் நிறுவனத்தில் இதே பாதையை வரைய, பட்டியலின் உச்சியில் உள்ள ஒரு தரப்பினரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆபத்தை முதலில் உணரும் கணத்திலிருந்து அவருக்குத் தீர்வு கிடைக்கும் கணம் வரை, ஒவ்வொரு கட்டத்திலும் அவர் கையில் எந்த ஆவணம் இருக்கிறது, அது எந்த மொழியில் இருக்கிறது, யாரிடம் பேச வேண்டும், பேசினால் எதை இழக்கக்கூடும் என்று எழுதுங்கள். இதை அலுவலக மேசையில் அமர்ந்து ஊகிக்கக் கூடாது. அவர்களோடு அமர்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். இந்தப் பணியில் வழக்கறிஞர் உடனிருப்பது மிக முக்கியம். தாம் எழுதிய விதியைப் படித்து ஒருவர் தடுமாறுவதை நேரில் பார்க்கும் வழக்கறிஞர், அடுத்த விதியை வேறு மாதிரி எழுதுவார்.

நான்காம் படி: வாக்குறுதியைத் திருத்தி எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பல குறைதீர்ப்புக் கொள்கைகளில் காணப்படும் பாணியில் ஒரு விதியை நானே எழுதிக் காட்டுகிறேன்:

'பெறப்படும் முறையீடுகள் அனைத்தும், நிறுவனம் தகுந்ததெனக் கருதும் நடைமுறையின்படி, நியாயமான காலத்திற்குள், உரிய அதிகாரியால் பரிசீலிக்கப்பட்டு, தேவைப்படும் பட்சத்தில் பொருத்தமான நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.'

இதைப் படிப்பவர் கேட்கக்கூடிய கேள்விகளை ஒவ்வொன்றாக எழுப்புங்கள். நியாயமான காலம் என்றால் எத்தனை நாள்? உரிய அதிகாரி யார்? நான் புகார் சொல்வதே அவரைப் பற்றியதாக இருந்தால்? தேவைப்படுகிறது என்று முடிவு செய்வது யார்? நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்போது அதையே இப்படி எழுதலாம்:

'நீங்கள் வாய்மொழியாகவோ எழுத்திலோ குறை சொல்லலாம். பெயர் சொல்லாமலும் சொல்லலாம். பெற்றுக்கொண்டோம் என்பதற்கான எண்ணை 3 வேலை நாட்களுக்குள் தருவோம். சமூகத் தொடர்பு அதிகாரி 30 நாட்களுக்குள் விசாரித்து, என்ன கண்டோம், என்ன செய்யப்போகிறோம் என்பதை உங்களிடம் விளக்குவார். குறை அவரைப் பற்றியதானால், நிறுவனத்துக்கு வெளியே உள்ள நடுநிலையாளர் விசாரிப்பார். முடிவு உங்களுக்கு ஏற்புடையதாக இல்லாவிட்டால் அதே நடுநிலையாளரிடமோ வேறு நடுநிலையாளரிடமோ மேல்முறையீடு செய்யலாம். நீதிமன்றம் செல்லும் உங்கள் உரிமை எந்தக் கட்டத்திலும் குறையாது. குறை சொன்னதற்காக உங்கள் வேலைக்கோ ஒப்பந்தத்துக்கோ தீங்கு செய்பவர் மீது நடவடிக்கை எடுப்போம்.'

கவனித்துப் பார்த்தால் இங்கேயும் ஓர் ஓட்டை இருக்கிறது: முதல் விசாரணையை நடத்திய நடுநிலையாளரிடமே மேல்முறையீடு போகக்கூடும். வரைவு தெளிவாக இருப்பதால்தான் அந்த ஓட்டை கண்ணுக்குப் படுகிறது; 'முன்பு விசாரிக்காத நடுநிலையாளரிடம்' என்று திருத்திவிடலாம். முதல் வடிவத்தில் இதே ஓட்டை இருந்தது, ஆனால் 'தகுந்த நடைமுறை' என்ற சொற்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. எளிய மொழியின் முதன்மைப் பயன் படிக்க எளிது என்பதைவிட இதுவே என்று நினைக்கிறேன். நிறுவனம் இன்னும் முடிவு செய்யாதவற்றை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. 'எத்தனை நாள்?' என்ற கேள்விக்கு உள்ளே எவரிடமும் விடை இல்லையென்றால், அது மொழிக் குறை அன்று, நிர்வாகக் குறை. முதலில் அதைத் தீர்த்துவிட்டு வாக்கியத்துக்குத் திரும்புங்கள்.

எழுதி முடித்த வரைவைச் சரிபார்க்க, மேலே சொன்ன ஐக்கிய நாடுகள் கொள்கைகளின் 31ஆம் கொள்கை நல்ல அளவுகோல். குறைதீர்ப்பு முறை நம்பகமானதாக, எளிதில் அணுகத்தக்கதாக, முன்கூட்டியே அறியத்தக்கதாக, சமநிலை கொண்டதாக, வெளிப்படையானதாக, உரிமைகளுக்கு இசைந்ததாக, தொடர்ந்து கற்றுக்கொள்வதற்கு இடம்தருவதாக இருக்க வேண்டும் என்றும், நிறுவனமே நடத்தும் முறையாக இருந்தால் உரையாடலை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. இவற்றுள் 'சமநிலை' என்பதைத்தான் நிறுவனங்கள் அடிக்கடி கடந்துபோகின்றன. ஒரு தரப்பிடம் வழக்கறிஞர் குழுவும் ஆய்வகமும் இருக்க, மறுதரப்பிடம் எதுவும் இல்லாதபோது, தகவலும் தனிப்பட்ட ஆலோசனையும் பெறுவதற்கான செலவை யார் ஏற்பார்கள் என்று ஆவணத்திலேயே எழுத வேண்டும்.

வாயடைக்கும் விதிகளைத் தேடி எடுங்கள். இரகசியம் காக்க வேண்டியவை உண்டு: தனிநபர் விவரங்கள், வழிபாட்டிடங்களைப் பற்றிச் சமூகமே வெளியிட விரும்பாத செய்திகள், நடந்துகொண்டிருக்கும் பேரத்தின் எண்கள். இவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டு, மற்றவை அனைத்தையும் பேசலாம் என்று எழுதுங்கள். பாதிப்பைப் பற்றியோ எதிர்ப்பைப் பற்றியோ பேசக் கூடாது என்ற விதி எந்த ஒப்பந்தத்திலும் இருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

வடிவத்துக்குச் சில நல்ல முன்மாதிரிகள் உள்ளன. படைப்புகளைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் மூன்று அடுக்குகளாக அமைந்திருக்கின்றன: முழுமையான சட்ட உரை, பொதுமக்களுக்கான ஒருபக்கச் சுருக்கம், கணினி படிக்கக்கூடிய குறியீடு. இதில் சட்டப்படி செல்லுபடியாவது முதல் அடுக்கு. சுருக்கம் அதை விளக்குகிறது, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்க வழக்கறிஞர் ராபர்ட் டி ரூய் வேறு வழியில் சென்றார். பழத்தோட்டத் தொழிலாளர்களுக்காக அவர் உருவாக்கிய படக்கதை ஒப்பந்தத்தில், படங்களே ஒப்பந்தம். தொழிலாளி புரிந்துகொண்டு கையெழுத்திடுவது அதில்தான்.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒரு கேள்விக்கு விடை எழுதியாக வேண்டும்: எளிய வடிவமும் நீண்ட வடிவமும் முரண்பட்டால் எது செல்லும்? 'சட்ட உரையே செல்லும்' என்று அடிக்குறிப்பில் எழுதிவிட்டு, மக்களிடம் சுருக்கத்தை மட்டும் காட்டினால், அவர்கள் நம்பிய ஆவணம் ஒன்று, அவர்களைக் கட்டுப்படுத்தும் ஆவணம் வேறொன்று என்றாகிவிடும். நிறுவனம் தானே எழுதிய ஆவணங்களில், பாதிக்கப்படுகிறவருக்குச் சாதகமான பொருளே செல்லும் என்று எழுதுவதை நான் பரிந்துரைப்பேன். அவ்வாறு எழுத வழக்கறிஞர் தயங்கினால், இரு வடிவங்களையும் ஒத்திசைக்கும் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

படச்சின்னங்களை எச்சரிக்கையோடு கையாளுங்கள். சொற்களோடு சேர்ந்து வரும்போது அவை உதவும்; தனித்து நின்றால் ஆளுக்கொரு பொருள் தரும். கால வரிசையைக் கோட்டில் காட்டுவதும், 'யார், எப்போது, என்ன' என்பதைச் சிறு அட்டவணையில் தருவதும் அலங்காரப் படங்களைவிட அதிகம் பயன்படும். எழுத்தறிவு குறைந்தவர்களுக்கு ஒலிப்பதிவும், நம்பத்தகுந்த ஒருவர் வாசித்து விளக்கும் கூட்டமும் வேண்டும். மொழிபெயர்ப்பைக் கடைசி வேலையாகத் தள்ளாதீர்கள். மக்கள் பேசும் மொழியிலேயே முதல் வரைவை எழுதிப் பார்த்தால் பல சிக்கல்கள் தாமே விலகும்.

ஆறாம் படி: செய்ய வைத்துச் சோதியுங்கள்

'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே எல்லாரும் புரிந்தது என்பார்கள். 2023இல் வெளியான எளிய மொழிக்கான பன்னாட்டுத் தரநிலை, வாசகர் தமக்கு வேண்டியதைக் கண்டடைந்து, புரிந்துகொண்டு, பயன்படுத்த முடிகிறதா என்பதையே அளவுகோலாக வைக்கிறது. ஆகவே ஒரு சூழலைக் கொடுங்கள்: 'இரவு பதினோரு மணிக்கு மூச்சுத் திணறும் வாடை வருகிறது. இந்தத் தாளைப் பார்த்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று செய்து காட்டுங்கள்.' ஒவ்வொரு தரப்பிலும் ஐந்தாறு பேருடன் தொடங்கினாலே பெருந்தவறுகள் தெரிந்துவிடும். விரல் எந்த இடத்தில் நிற்கிறது, எந்தச் சொல்லை இரண்டாம் முறை படிக்கிறார், தொலைபேசியை யாராவது உண்மையில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். அழைப்பை எடுக்க ஆளில்லாத எண், எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும், பொய்யான வாக்குறுதி. பங்கேற்பவர்களின் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள்.

ஏழாம் படி: திரும்பிச் சென்று சொல்லுங்கள்

கேட்டவர்களிடம் திரும்பிச் செல்லாத கலந்தாய்வு, அடுத்த முறை வெறும் நாற்காலிகளையே சந்திக்கும். 'நீங்கள் சொன்னது, நாங்கள் முடிவு செய்தது, அதன் காரணம்' என்று மூன்று நெடுவரிசைகளாக ஒரு பதிவேட்டை வெளியிடுங்கள். ஏற்காத கருத்துகளும் அதில் காரணத்தோடு இடம்பெற வேண்டும். ஆண்டறிக்கையின் கலந்தாய்வுப் பகுதியை இந்தப் பதிவேட்டிலிருந்தே எழுதினால், கூட்டங்களின் எண்ணிக்கையைப் பட்டியலிடும் வழக்கம் மறைந்து, மாறிய முடிவுகளின் பட்டியல் அங்கே வரும்.

அளவீடுகளைப் பொறுத்தவரை, முறையீடுகள் குறைவதை வெற்றியாகக் கொள்ளாதீர்கள். புதிய முறை தொடங்கிய பிறகு எண்ணிக்கை கூடினால் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. மக்கள் வழியைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். ஓராண்டு முழுவதும் ஒரு முறையீடும் இல்லையென்றால், மூன்றாம் படியில் வரைந்த பாதையை எடுத்துக்கொண்டு மீண்டும் அவர்களிடம் செல்லுங்கள். பதிலளிக்க ஆன நாட்கள், மேல்முறையீட்டில் மாறிய முடிவுகள், குறை சொன்னவர்களுக்குப் பின்னர் நேர்ந்தது என்ன, எந்தக் குழுவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்ற நான்கையும் தவறாமல் பாருங்கள். நான்காவதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. வராதவர்களைப் பதிவேடு தானாகக் காட்டாது.

உள்ளே எழும் தயக்கங்களையும் மறக்கக் கூடாது. தெளிவாக எழுதினால் வழக்குகளில் அது நமக்கே எதிராகும் என்று சட்டத் துறையினர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்தாமல், விதி விதியாக எடுத்துப் பேசுங்கள். நிறைவேற்ற முடியாத காலக்கெடுவை எழுதியிருந்தால் அவர்கள் சொல்வது சரி, காலக்கெடுவை நீட்டுங்கள். நிறைவேற்றக்கூடியதை மறைக்க மட்டுமே சொற்கள் மங்கலாக இருக்கின்றன என்றால், அந்த மங்கல் வழக்கைத் தடுக்காது, நம்பிக்கையைத்தான் குலைக்கும்.

ஒவ்வோர் ஆவணத்தின் முதல் பக்கத்திலும் அதற்குப் பொறுப்பான பதவியையும், கடைசியாகத் திருத்திய நாளையும், அடுத்த திருத்தம் எப்போது, அதில் கருத்துச் சொல்ல யாரை அணுக வேண்டும் என்பதையும் அச்சிடுங்கள். அந்த அடுத்த திருத்தக் கூட்டத்தில் அமர, முதல் சோதனையில் தடுமாறியவர்களில் இருவரையாவது இப்போதே அழைத்துவிடுங்கள்.